தானாக வராது

ஆரம்பக் கல்வி நெறியைப் படித்துவிட்டுக் கற்பித்தற் பயிற்சிக்கோ கட்டுறு பயில்வுக்கோ யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம், சின்னப் பிள்ளை வாசிக்கப் பழகுவது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். "எழுத்தெல்லாம் தெரிஞ்சால் வாசிப்புத் தானா வரும்" என்பது முதலாவது. "அந்த முதிர்ச்சி வரேக்கை பிள்ளை தானா வாசிக்கும், நாங்கள் அவசரப்படுத்தக் கூடாது" என்பது இரண்டாவது. தரம் மூன்றுக்கு வந்தும் பிள்ளை வாசிக்காமல் நிற்கும்போது மூன்றாவது வெளியே வரும்: "இது தீவுப் பிள்ளையள் சேர். வீட்டில கவனிக்க ஆளில்லை. பிறகு எப்பிடி வரும்?"

முதற்பதில் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் எச்சம். இரண்டாவது கல்வி உளவியல் விரிவுரைக் குறிப்பில் இருந்து வந்தது. மூன்றாவது ஆசிரியர் ஓய்வறையில் பிறந்தது. பார்வைக்கு ஒன்றுக்கொன்று பகை. ஆனாலும் ஒரே ஆள் காலையில் ஒன்றையும் மத்தியானம் மற்றதையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்பவருக்கு அதில் ஒரு முரணும் தெரிவதில்லை. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை என்பதே அதற்குக் காரணம். வாசிப்பை எழுத்து கொண்டுவரும், வயது கொண்டுவரும், வீடு கொண்டுவரும். ஆசிரியர் கொண்டுவரத் தேவையில்லை. இந்த நம்பிக்கை ஆசிரிய மாணவரோடு நிற்பதுமில்லை. அவரை மேற்பார்வை செய்ய வருபவரிடமும் அதிபரிடமும் பெற்றோரிடமும் அது இருக்கிறது. பொதுப் புத்தியாகிவிட்ட இந்தக் கருத்து பிழை என்பதே என் வாதம்.

இளம் ஆசிரியர்களை ஏசிப் பயனில்லை. அவர்கள் எப்போது வாசிக்கப் பழகினார்கள் என்பது அவர்களுக்கே நினைவில்லை. நினைவில்லாத ஒன்று தானாக நடந்தது என்றுதான் மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். 2004இல் அமெரிக்காவில் அப்பிள்கேற் இணையர் ஆசிரிய மாணவரிடையே வாசிப்பு விருப்பம் எவ்வளவு குறைவு என்று ஆராய்ந்து, கண்ட நிலைக்குப் 'பேதுரு விளைவு' என்று பெயர் வைத்தார்கள். பிச்சை கேட்டவனிடம் பேதுரு, தன்னிடம் இல்லாததைத் தான் கொடுக்க முடியாது என்று சொன்ன விவிலியக் கதையிலிருந்து எடுத்த பெயர். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை இன்னும் ஒரு படி நீட்டினார்கள்: மொழியின் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு ஆசிரியருக்கே தெளிவாகத் தெரியாவிட்டால் பிள்ளைக்கு அவரால் அதைக் கொடுக்க முடியாது. நமது கதையும் அதுவே. தமிழ் எழுத்து எப்படி இயங்குகிறது என்பதை ஆரம்ப ஆசிரியர் ஒருவர் பயிற்சிக் காலத்தில் உட்கார்ந்து படிக்கும் நேரத்தைவிட, பிறிஸ்டல் போட்டில் படம் வெட்டி ஒட்டும் நேரம் மிக அதிகம்.

முதல் நம்பிக்கையை எடுப்போம். தமிழில் எழுதுவதுபோலவே வாசிக்கிறோம், ஆகவே இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் தெரிந்த பிள்ளை எதையும் வாசிக்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆங்கிலம் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நியாயமாக இருக்கும். 2003இல் பிலிப் சீமரும் சகாக்களும் ஐரோப்பாவின் பதின்மூன்று மொழிகளில் பிள்ளைகள் வாசிக்கப் பழகும் வேகத்தை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் பின்லாந்துப் பிள்ளைகள் பழகிய சொற்களில் 98 வீதத்தைச் சரியாக வாசித்தார்கள். ஸ்கொட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் 34 வீதத்தை. தமிழும் பின்லாந்து மொழிபோல ஒழுங்கான எழுத்துடையதுதானே என்று கேட்பார்கள்.

ஒழுங்கானதுதான். ஆனால் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் 'அசர்' கணக்கெடுப்பு 2018இல் தமிழ்நாட்டில் கண்டது என்ன? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 10.2 வீதம். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, 2022இல், 4.8 வீதம். முடக்கத்தைக் குறை சொல்லலாம். அதற்கு முன்னைய பத்து வீதத்துக்கு யாரைக் குறை சொல்வது? அந்தப் பிள்ளைகளுக்கும் நெடுங்கணக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. சுவரில் அரிச்சுவடி அட்டை தொங்கியது. மொழி அதே ஒழுங்கான தமிழ். தானாக வரும் என்றால் அங்கே வந்திருக்க வேண்டும். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்று ஒரு தனித் திட்டத்தையே அந்த மாநில அரசு தொடங்க வேண்டியிருந்தது.

எங்கே தடுக்கிறது என்பதை ஒரு சொல்லை வைத்துப் பார்க்கலாம். 'படம்' என்று கரும்பலகையில் எழுதி, எழுத்துத் தெரிந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். "பானா, டானா, இம்" என்று பிள்ளை சொல்லும். மூன்றும் சரி. இனி அதைச் சேர்த்துச் சொல் என்றால் பிள்ளை எதைச் சேர்க்கும்? பானாவையும் டானாவையும் இம்மையும் எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'படம்' வராது. பிள்ளைக்குத் தெரிந்தது எழுத்தின் பெயர். வாசிக்கத் தேவையானது எழுத்தின் ஒலி. பெயரிலிருந்து ஒலியை உரித்தெடுத்து, அடுத்த ஒலியோடு ஒட்டி, பிறந்த சொல்லைத் தன் காதில் உள்ள சொல்லோடு பொருத்திப் பார்ப்பதுதான் வாசிப்பின் முதற்படி. கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் இதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களைக் காட்டித்தான் தானாக வந்தது என்கிறோம். மற்றவர்களுக்கு இதைச் செய்து காட்ட வேண்டும், பலமுறை செய்விக்க வேண்டும்.

'கோழி' இன்னும் பொல்லாதது. இரட்டைக் கொம்பு, கானா, அரவு என்று பிள்ளை இடமிருந்து வலமாகச் சொல்லும். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. காதுக்கு முதலில் கேட்பது ககரம். ஓகாரம் எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. உகர வரிசை அதைவிட மோசம்: கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு உருவம் கொள்ளும். ககரம் கடலில் ஒரு விதமாகவும் சங்கில் வேறு விதமாகவும் ஒலிக்கும். பச்சையில் உள்ள சகரமும் மஞ்சளில் உள்ள சகரமும் ஒன்றல்ல. 'மழை' என்று எழுதி 'மளை' என்று சொல்லும் ஊர் நம்முடையது. இவை எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கைப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். யாராவது முறைப்படி எடுத்து வைத்தால். சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளைப் பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வு, நம்மைப் போன்ற எழுத்து முறைகளில் எழுத்துக் கற்பது ஐரோப்பிய அகரவரிசைகளைப்போல ஒரு வருடத்தில் முடிவதில்லை, நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று காட்டியது. தமிழ் அந்த வகையில் அதிர்ஷ்டக்காரி. கன்னடம், சிங்களம்போலக் கூட்டெழுத்துச் சிக்கல் நமக்கு இல்லை. மெய்யின் தலையில் ஒரு குற்று வைத்தால் போதும். கையில் உள்ள இந்த வசதியைப் பயிற்சியில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

எடுத்துச் சொன்னால் என்ன நடக்கும்? க, ட, ல, ம, ண, வ, ள, ர, ப என்று ஒன்பது எழுத்தும் ஒரு குற்றும் போதும். அரவு இல்லை, கொம்பு இல்லை, விசிறி இல்லை. ஆனால் கடல் வாசிக்கலாம், மணல் வாசிக்கலாம், வள்ளம், மரம், பட்டம், பள்ளம், பக்கம், கண், மண், கல், பல் எல்லாம் வாசிக்கலாம். எழுவைதீவுப் பிள்ளை வீட்டு வாசலில் நின்று பார்க்கும் உலகத்தில் பாதி இதற்குள் வந்துவிடுகிறது. முதலாம் தவணை முடியும் முன் பிள்ளை உண்மையான சொல்லை உண்மையாகவே வாசிக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒரு காலத்தில் ட, ப, ம என்று தொடங்கியதன் தர்க்கமும் இதுவே. நாமோ உயிரெழுத்துப் பன்னிரண்டையும் வரிசைப்படி முடித்து, மெய் பதினெட்டையும் முடித்து, உயிர்மெய் அட்டவணைக்குள் இறங்கி ஙா, ஙி, ஙீ என்று பிள்ளையைப் பாடமாக்க வைக்கிறோம். வாழ்நாள் முழுவதும் அந்தப் பிள்ளை 'அங்ஙனம்', 'இங்ஙனம்' போன்ற ஒருசில சொற்கள் தவிர வேறெங்கும் ஙகர உயிர்மெய்யைச் சந்திக்கப்போவதில்லை.

உறுப்பெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவகத்துக் கொப்பிகள் சிலவற்றில் முத்துமுத்தாக எழுதியிருக்கும். மேற்பார்வைக்கு வருபவர் மகிழ்ந்து கையெழுத்து வைப்பார். அதே பக்கத்தை வாசிக்கச் சொன்னால் பிள்ளை வாய் திறக்காது. பார்த்து எழுதுவது வரைதல், வாசிப்பு வேறு. பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி பாடம் முழுவதையும் ஒப்புவிக்கும் அதிசயமும் எமது ஊரில் எவருக்கும் புதிதல்ல.

இந்த இடத்தில் பழமை பேசுவோர் குறுக்கிடுவார்கள். எங்கள் பாட்டன்மார் ஏடு தொடக்கி, மண்ணில் எழுதி, உரத்துச் சொல்லியே படித்தார்கள். அவர்களுக்கு வாசிப்பு வரவில்லையா? வந்தது. ஆனால் திண்ணையில் என்ன நடந்தது என்று சரியாகப் பாருங்கள். அங்கே சட்டாம்பிள்ளை இருந்தான். உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு முறை கேட்டார். சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய அன்றூ பெல், நம்மவர் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதன் பயனையும் கண்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1797இல் நூலாக வெளியிட்டு, 'மதராஸ் முறை' என்று பரப்பினார். அவர் கண்டது ஒழுங்கான கற்பித்தலை. நாமோ அந்தச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முறை கேட்பதைக் கைவிட்டோம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதோடு நிற்காமல் பாலபாடங்களைப் படிப்படியாக எழுதி அச்சிட்டது, வாசிப்புத் தானாக வரும் என்று நம்பியா?

இரண்டாவது நம்பிக்கை படித்தவர்களுடையது. ஆதலால் மறுப்பது கடினம். முதிர்ச்சி வரட்டும் என்பதற்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு. 1931இல் அமெரிக்காவின் வின்னெற்கா என்ற இடத்துப் பாடசாலைகளில் மோர்பெற், வோஷ்பேர்ன் என்ற இருவர் ஆராய்ந்து, உளவயது ஆறரை ஆகும்வரை வாசிக்கக் கற்பிப்பதில் பயனில்லை என்றார்கள். ஒரு சிறிய ஊரின் ஒரு முறைக் கற்பித்தலில் கண்ட முடிவு உலகத்து ஆசிரியர் கலாசாலைகளுக்கெல்லாம் பொது விதியாகிவிட்டது. ஆறு வருடத்தில், 1937இல், ஆதர் கேற்ஸ் அதை மறுத்தார். பல வகுப்புகளை ஒப்பிட்ட அவர், தேவையான வயது என்று நிலையான ஒன்று கிடையாது; கற்பித்தல் நன்றாக உள்ள இடத்தில் ஐந்து வயது உளவளர்ச்சியோடும் பிள்ளை வாசிக்கிறது, கற்பித்தல் மோசமான இடத்தில் ஏழு வயதிலும் திணறுகிறது என்று காட்டினார். எங்கள் குறிப்புக் கொப்பிகளில் 1931 இருக்கிறது, 1937 இல்லை.

பின்லாந்தில் ஏழு வயதில்தானே பள்ளிக்கூடம் தொடங்குகிறது என்று இவர்களே சொல்வார்கள். சரி. ஏழு வயதில் தொடங்கி என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா? எழுத்தையும் ஒலியையும் நேரடியாக, நாள்தோறும், ஒழுங்காகக் கற்பிக்கிறார்கள்; பின்தங்கும் பிள்ளையை முதல் வகுப்பிலேயே தனியாக எடுத்து உதவுகிறார்கள். அவர்கள் காத்திருந்தது பள்ளி தொடங்கும்வரை. நாம் பள்ளி தொடங்கிய பின்னும் காத்திருக்கிறோம்.

விளையாட்டின் மேல் எனக்குப் பகையில்லை. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முதலாம், இரண்டாம் தரங்களில் விளையாட்டுக்குக் கூடிய இடம் கொடுத்தது நல்ல காரியம். பிரம்பும் பயமும் குறைந்தன. ஆனால் விளையாட்டு எதைக் கொண்டுசெல்கிறது என்று கேட்க வேண்டும். நெடுந்தீவுப் பாடசாலையில் ஒரு மாதிரிப் பாடத்தைக் கற்பனை செய்யுங்கள். தீவின் குதிரையைப் படமாக வரைந்து, கீழே 'குதிரை' என்று எழுதி, குதிரைப் பாட்டுப் பாடி, எல்லோரும் குதிரைபோல ஓடி, கடைசியில் அட்டையைக் காட்டியதும் வகுப்பு முழுவதும் "குதிரை!" என்று கத்துகிறது. சூழலோடு இயைந்த பாடம் என்று புள்ளி கிடைக்கும். இப்போது படத்தைக் கையால் மறைத்துவிட்டு ஒரு பிள்ளையை மட்டும் கேளுங்கள். கு என்ற உகர உருவம், தி என்ற விசிறி, ரை என்று முன்னால் நிற்கும் ஐகாரக் குறி என ஒரே சொல்லில் மூன்று தடை. பிள்ளை வாசித்தது படத்தை. சூழலிலிருந்து எடுத்த சொல் பொருளுக்கு உதவும். எழுத்தை அவிழ்க்க அது உதவாது.

படத்தையும் முன்பின் வரியையும் பார்த்து ஊகிப்பதே வாசிப்பு என்ற கருத்தை 1967இல் அமெரிக்காவின் கென் குட்மன் பெரிதாகப் பேசினார். வாசிப்பு ஓர் ஊக விளையாட்டு என்பது அவர் கொடுத்த பெயர். கண்ணசைவை அளந்த ஆய்வுகள் நேர்மாறாகக் காட்டின: நன்றாக வாசிப்பவர்கள் ஏறத்தாழ ஒவ்வொரு பொருட்சொல்லிலும் கண்ணை நிறுத்துகிறார்கள், ஊகத்தை நம்புபவர்கள் வாசிக்கத் தெரியாதவர்கள். 2000இல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவும் 2006இல் இங்கிலாந்தின் றோஸ் அறிக்கையும் எழுத்தொலியை முறைப்படி கற்பிக்க வேண்டும் என்று எழுதின. அந்த நாடுகள் கழற்றிப் போட்ட சட்டையைத்தான் எங்கள் மாதிரிப் பாடங்கள் சில இன்னும் புதிதென்று போட்டுக்கொண்டிருக்கின்றன.

இனி மூன்றாவது. இதுதான் தீவகத்தைச் சுடுவது.

வீடு முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். கதை சொல்லும் ஆச்சி இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும், விடியற்காலையில் தகப்பன் கடலுக்கும் தாய் கூலி வேலைக்கும் போகும் வீட்டுப் பிள்ளைக்கும் சொற்களஞ்சியத்தில் வித்தியாசம் உண்டு. 1990, 91இல் வேலணையும் ஊர்காவற்றுறையும் மண்டைதீவும் புங்குடுதீவும் போரால் இடம்பெயர்ந்த பிறகு பாடசாலைகளும் குடும்பங்களும் எப்படிச் சிதறின என்பதும் தெரிந்ததே. திரும்பி வந்த குடும்பம் புத்தக அலுமாரியைச் சுமந்து வரவில்லை. ஆனால் இந்த உண்மைகளை வைத்துக்கொண்டு பிள்ளை வாசிக்காததற்கு வீடே பொறுப்பு என்று முடிக்கும்போது ஒரு பெரிய மறைப்பு நடக்கிறது.

யாழ்ப்பாண நகரத்துப் பெரிய பாடசாலையொன்றில் ஆசிரிய மாணவி பயிற்சி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தரம் ஒன்றில் அவள் முன் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு முன்பள்ளியிலேயே எழுத்துக் காட்டியாகிவிட்டது. தாய் இரவில் விரல் வைத்து வாசிப்பிக்கிறாள். பின்னேரம் ரியூசன். இவள் குதிரைப் பாட்டுப் பாடினாலும் நண்டுப் பாட்டுப் பாடினாலும் தவணை முடிவில் பிள்ளைகள் வாசிப்பார்கள். தன்னுடைய முறை பலித்தது என்று அவளும் நம்புவாள். அவளுக்குப் புள்ளியிட்டவரும் நம்புவார். அங்கே வாசிக்கக் கற்பித்தவர்கள் வேறு ஆட்கள், சம்பளம் இல்லாத ஆட்கள். அதே ஆசிரியை நியமனம் கிடைத்துக் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கோ, இன்னும் ஒரு மணித்தியாலம் கடலில் போய் நெடுந்தீவுக்கோ இறங்கும்போது, அந்த மறைவான கற்பித்தல் கரையிலேயே நின்றுவிடுகிறது. இப்போது பிள்ளைக்கும் எழுத்துக்கும் இடையில் அவள் மட்டுமே நிற்கிறாள். அதே பாட்டு, அதே அட்டை, வாசிப்பு வரவில்லை. உடனே அவள் எடுக்கும் முடிவு, தீவுப் பிள்ளைகளில் ஏதோ குறை என்பது. நகரத்தில் ஒருபோதும் சோதிக்கப்படாத முறை தீவில்தான் முதன்முதல் சோதனைக்கு வந்தது, அதில் முறை தோற்றது என்று பார்க்க அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

ஒரு கேள்வி கேட்கலாம். வீடு கற்பிக்காவிட்டால் பாடசாலையால் கற்பிக்க முடியாது என்றால், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தி அரசாங்கம் பாடசாலை வைத்திருப்பது எதற்கு? வீட்டில் கணிதம் தெரிந்தவர் இல்லை என்பதற்காக எந்த ஆசிரியரும் பெருக்கல் வாய்ப்பாட்டை விட்டுவிடுவதில்லை. வாசிப்புக்கு மட்டும் இந்தச் சலுகை ஏன்?

தீவக மக்கள் சிலர் எதிர்ப்பக்கத்தில் நின்றும் இதே பிழையைச் செய்கிறார்கள். எங்கள் மண் தனிநாயகம் அடிகளைத் தந்தது, பண்டிதர் கா. பொ. இரத்தினத்தைத் தந்தது, மு. தளையசிங்கத்தைத் தந்தது, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் இரத்தத்தில் ஊறியது என்று மேடைகளில் கேட்கிறோம். மண் யாருக்கும் தமிழ் படிப்பிக்கவில்லை. 1913இல் கரம்பொனில் பிறந்து ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த தனிநாயகம் அடிகள், தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றது 1940களில், திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியாற்றியபோது ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டு. அதன் பிறகே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு வித்திட்டவருக்கே ஆசிரியர் தேவைப்பட்டார். அனலைதீவில் தரம் ஒன்றில் இருக்கும் பிள்ளைக்குத் தேவையில்லையாம்.

எழுத்தொலி மட்டும் போதுமா என்று நியாயமாகக் கேட்கலாம். போதாது. லிஸ்பனில் 1554இல் தமிழை ரோம எழுத்தில் அச்சிட்ட ஒரு செபநூல் வெளிவந்தது. தனிநாயகம் அடிகள் ஆர்வத்தோடு எடுத்துப் பேசிய நூல். அதன் தமிழ் வரிகளை மட்டும் பார்க்கும் போர்த்துக்கேயர் தமிழ் ஒலிகளை ஒருவாறு உச்சரித்துவிடலாம், பொருள் பிடிபடாமலே. 1986இல் கோவ், ரன்மர் இருவரும் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை அவிழ்த்தல் ஒன்று, மொழியை விளங்குதல் மற்றது. எது பூச்சியமானாலும் விடை பூச்சியம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டாவதிலும் ஒரு தனித் தடை உண்டு. இதைப் பற்றிப் பயிற்சியில் பேச்சே இல்லை. பிள்ளை வீட்டில் கேட்பது "வாறான்", "போகினம்", "என்ன செய்யிறியள்". புத்தகத்தில் இருப்பது "வருகிறான்", "போகிறார்கள்", "என்ன செய்கிறீர்கள்". எழுத்தெழுத்தாக அவிழ்த்து "வ-ரு-கி-றா-ன்" என்று பிள்ளை ஒட்டி முடித்தால், காதில் முன்பு கேட்டிராத ஒரு சொல் வெளியே வருகிறது. பொருத்திப் பார்க்க உள்ளே ஒன்றும் இல்லை. அரபு மொழியில் இதே நிலை பிள்ளைகளின் வாசிப்பை எப்படிப் பிந்தவைக்கிறது என்பதை எலினோர் சாயிக் ஹதாத் போன்றோர் பல வருடமாக எழுதி வருகிறார்கள். நம் வகுப்பறையில் நடப்பதோ வேடிக்கை. 'வருகிறான்' என்ற சொல்லைப் பார்த்து "வாறான்" என்று சொன்ன பிள்ளைக்குப் பிழை போடுகிறோம். ஒன்றும் விளங்காமல் "வருகிறான்" என்று கிளிபோலச் சொன்ன பிள்ளைக்கு "வெரி குட்" சொல்கிறோம். முதற் பிள்ளை எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சில் திருப்பிச் சொன்னது. அதற்கு வேண்டியது, கடைசி வரையும் எழுத்தைப் பார்க்கப் பழகுவது மட்டும். இரண்டாவது பிள்ளைக்கு வேண்டியது முழுக்க முழுக்க வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால்தான் ஒருவர் வாசிப்பு ஆசிரியர்.

புத்தகத் தமிழைப் பிள்ளையின் காதில் ஏற்றும் வழி பழையது, செலவில்லாதது. ஆசிரியர் தினமும் ஒரு கதையை உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்து, நிறுத்தி, பேச்சுத் தமிழில் கதைத்து, மறுபடி வாசிக்க வேண்டும். வீட்டில் ஆச்சி இல்லாத குறையைப் பாடசாலை தீர்க்கக்கூடிய இடம் இதுதான். இதைச் செய்யும் ஆசிரிய மாணவர்கள் அரிது. பாடக்குறிப்பில் இதற்குத் தனிக் கட்டம் இல்லாததும் ஒரு காரணம்.

நேரம் இல்லை என்பார்கள். படகு பிந்தும், காற்று மாறினால் ஓடவே ஓடாது, பின்னேரப் படகைப் பிடிக்க முன்னதாக எழும்ப வேண்டும். ஒரே அறையில் இரண்டு மூன்று தரங்களை வைத்திருக்க வேண்டும். எல்லாம் உண்மை. நேரம் குறைவான இடத்தில் நேரத்தை வீணாக்கும் முறையைத்தான் முதலில் விட வேண்டும். கூட்டாகக் கத்தி வாசிப்பது அதில் முதலிடம். பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது இரண்டு பேர் வாசிக்கிறார்கள், எட்டுப் பேர் அரை நொடி பிந்தி அவர்களைப் பின்பற்றுகிறார்கள். ஆசிரியரின் காதுக்குப் பத்துப் பேரும் வாசிப்பதாகவே கேட்கும். நகரத்து வகுப்பில் நாற்பது பேரையும் தனித்தனியாகக் கேட்க முடியாது என்பதாவது ஒரு சாட்டு. தீவுப் பாடசாலைகள் பலவற்றில் ஒரு தரத்துப் பிள்ளைகளைக் கைவிரலால் எண்ணிவிடலாம். ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு நாளும் அருகில் இருத்தி இரண்டு நிமிடம் கேட்க இலங்கையில் இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. பல்தர வகுப்பில் மூத்த பிள்ளையை இளைய பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தலாம். அன்றூ பெல் கப்பலேறிக் கொண்டுபோனது அதைத்தானே. கஷ்டப் பிரதேசம் என்ற முத்திரை இந்த வசதியை மறைத்துவிட்டது.

ஆசிரிய மாணவர் எதை நம்புகிறார் என்பதை அவருக்கு விழும் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. பிரவேசம் கவர்ச்சியாக இருந்ததா, சாதனங்கள் போதுமா, கரும்பலகை எழுத்து அழகா, வகுப்பு உற்சாகமாக இருந்ததா என்று பார்க்கிறார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளையாவது முன்பு வாசிக்க முடியாத ஒன்றை இப்போது வாசித்ததா என்று பார்க்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லாதபோது, வாசிப்புக் கற்பிக்கப்படுவது என்று ஏன் ஒருவர் நம்ப வேண்டும்?

அடுத்த முறை மேற்பார்வைக்குப் படகேறும் விரிவுரையாளர் ஒரு சிறு காரியம் செய்யலாம். பாடம் முடிந்ததும் சாதனங்களைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டு, அதுவரை கற்ற எழுத்துகளால் ஆன, ஆனால் புத்தகத்திலும் அட்டையிலும் வராத பத்துச் சொற்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதட்டும். படம் வேண்டாம். பின் வாங்கில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, ஆசிரிய மாணவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசிக்கக் கேட்கட்டும். பிள்ளை எந்த எழுத்தில் நின்றது, ஏன் நின்றது, நாளைக்கு அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு, அந்த மூன்று விடைகளுக்கும் புள்ளி போடட்டும்.